பதின்பருவக் காதல் நாவல்களை வாடகைக்குக் கொடுத்த அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டின் முன்னறையில், எட்டாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய வாடகை நூலகம் நடத்திவருகிறேன். துப்பறியும் கதைகள், மாயாஜாலக் கதைகள், நல்ல தமிழ்ப் பதிப்புகள் எல்லாம் இருந்தாலும், புத்தகங்கள் தங்காத அலமாரி ஒன்றே ஒன்றுதான். பதின்பருவத்து ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைக்குள் புற்றுநோய், மனச்சோர்வு, தற்கொலை, வீட்டு வன்முறை, நாடுகடத்தல் என்று ஏதேனும் ஒரு பெரிய துயரத்தை வைத்து எழுதப்படும் ஆங்கில நாவல்களுக்கான அலமாரி அது. பதிப்புலகம் அவற்றை யங் அடல்ட் என்று வகைப்படுத்துகிறது. பிள்ளைகள் சுருக்கமாக ஒய்.ஏ. என்கிறார்கள். அந்த ஓர் அலமாரியின் காரணமாக என் உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரையும், எழுபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பணத்தையும், ஒரு கோடை முழுவதற்குமான நிம்மதியையும் இழந்தேன். இப்படி நேரலாம் என்று முன்பே சொல்ல எனக்கு எவரும் வாய்க்கவில்லை. பள்ளி நூலகத்துக்கோ குடியிருப்பு நூலகத்துக்கோ சொந்தப் பிள்ளைக்கோ இத்தகைய நாவல்களை வாங்குகிறவர்கள், நடந்ததைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நான் வைத்திருந்தவை பெரும்பாலும் என் மகள் படித்துவிட்டுப் போன பழைய புத்தகங்கள். உறுப்பினர் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியபோது, பிள்ளைகள் கேட்ட பெயர்களில் பாதிகூட என்னிடம் இல்லை. அவர்கள் திரைப்படத்தைப் பார்த்துவிட்டோ, இன்ஸ்டாகிராமில் யாரோ அழுதுகொண்டே அட்டையைக் காட்டியதைப் பார்த்துவிட்டோ வந்து கேட்பார்கள். புற்றுநோய் கண்ட இருவரின் காதலைச் சொல்லும் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' ஜான் கிரீன் எழுதி 2012இல் வெளிவந்த நாவல். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது 2020இல் வந்த 'தில் பேச்சாரா' என்ற இந்திப் படத்தின் மூலக்கதை என்பதாகத்தான் அறிமுகம். கடையில் ஒவ்வொன்றும் நானூறு, ஐந்நூறு ரூபாய் விலை. மாதச் சந்தா இருநூறு ரூபாய் வாங்கும் நூலகத்துக்கு அது கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில் ஒரு மொத்த வியாபாரி, 'இந்தியன் ரீப்ரின்ட்' என்று சொல்லி, கேட்ட தலைப்புகள் அனைத்தையும் பிரதி நூற்றறுபது ரூபாய்க்குத் தருவதாக முன்வந்தார். இருபத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து மூன்று அட்டைப்பெட்டிகளில் இறக்கினேன். ரசீதில் வெறுமனே 'புத்தகங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

வந்தவை அனைத்தும் திருட்டுப் பதிப்புகள். இதை அடையாளம் காணும் வழியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் நடந்தவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அசல் பதிப்பின் அட்டையில் தலைப்பு எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக இருந்தால், போலியில் அவை சமதளமாக அச்சாகியிருக்கும். தாளின் ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் நிழலாகத் தெரியும். வரிகள் சில பக்கங்களில் சற்றே சரிந்து ஓடும். முதுகை ஒருமுறை விரித்தால் பசை உடைந்து நடுப்பக்கங்கள் கையோடு வரும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். செலவை மிச்சப்படுத்த, கதை முடிந்த இடத்தோடு அச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆசிரியர் குறிப்பு, நன்றியுரை, உதவி எண்கள் எதுவும் இருப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் நான் பணம் கொடுத்த அந்த வியாபாரியின் கைப்பேசி எண் சில வாரங்களிலேயே செயலிழந்துவிட்டது.

இரண்டாவது குழப்பம் வகைப்பாட்டில் இருந்தது. யங் அடல்ட் என்பது பொதுவாகப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையிலான வாசகர்களுக்கானது. கல்லூரி வயதினரைப் பற்றிய, பாலுறவுக் காட்சிகளை மறைக்காமல் எழுதும் கதைகளுக்கு 'நியூ அடல்ட்' என்று ஒரு பெயரை 2009இல் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் அந்தப் பிரிவு கிடையாது. இளஞ்சிவப்பு அட்டையில் பூவும் ஓவியமும் இருந்தால் அது பதின்பருவ நாவல் என்று ஒரே அடுக்கில் வைத்துவிடுகிறார்கள். வாட்பேட் தளத்தில் தொடராக வந்து 2014இல் அச்சேறிய 'ஆஃப்டர்' போன்றவை, பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிய கதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். என் பெட்டிகளிலும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அட்டை, அடுக்கு, திரைப்படத்துக்குக் கிடைத்த சான்றிதழ் ஆகிய மூன்றில் எதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பின்னட்டைச் சுருக்கமும் உதவாது. பெருந்துயரம் கதையின் திருப்பமாக இருந்தால் அதை மறைப்பதுதான் அந்தச் சுருக்கத்தின் வேலை.

இனி நடந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த ஒரு மாணவி, 'ஆல் தி பிரைட் பிளேசஸ்' நாவலை எடுத்துப் போனாள். ஜெனிஃபர் நிவன் எழுதி 2015இல் வந்தது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பள்ளியின் மணிக்கூண்டு விளிம்பில் தற்செயலாகச் சந்திக்கும் ஓர் ஆணும் பெண்ணும் நண்பர்களாகிக் காதலர்களாகிறார்கள். அக்காவை விபத்தில் இழந்த அந்தப் பெண் மெல்ல மெல்ல வாழ்க்கைக்குத் திரும்புகிறாள். அவளைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தப் பையனோ, எவராலும் சரியாகக் கண்டுகொள்ளப்படாத மனநோயில் அமிழ்ந்து தற்கொலை செய்துகொள்கிறான். எங்கள் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒரு கோடு போட்ட நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பெண் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தா அவன் பொழைச்சிருப்பானா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

கதையைப் பற்றிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. உட்காரச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். முந்தைய ஆண்டு அவளுடைய சித்தப்பா மகன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், இறந்துபோயிருக்கிறான். வெளியாட்களுக்கு உடல்நலக் குறைவு என்று சொல்லப்பட்டது. இறப்பதற்கு முன் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். டியூஷனில் இருந்ததால் அவள் அதைப் பார்க்கவில்லை. இதை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாவலின் நாயகி அவனைத் தேடி அலையும் பக்கங்களை அவள் ஓர் இரவில் படித்து முடித்திருக்கிறாள். அவள் கையில் இருந்த பிரதியில் கதையின் கடைசி வரிக்குப் பின் ஒரு மங்கலான வெற்றுத் தாள், அதன் பின் அட்டை. அசல் பதிப்பில் அந்த இடத்தில், தானும் ஒரு காலத்தில் நேசித்த ஒருவனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவள் என்று ஆசிரியர் எழுதிய குறிப்பும், உதவி கேட்பதற்கான அமைப்புகளின் பட்டியலும் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு மிகவும் தேவையாயிருந்த பக்கங்களைத்தான் அந்த வியாபாரி மிச்சம் பிடித்திருந்தார்.

எனக்குக் கை நடுங்கியது. அவளுக்கு மோர் கலந்து வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய், அங்கிருந்தே 14416 என்ற எண்ணுக்கு அழைத்தேன். இது 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருப்பவரும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எடுத்தவர் நிதானமாகச் சில விஷயங்களைச் சொன்னார். அவளுக்கும் அப்படிப்பட்ட எண்ணம் வருகிறதா என்று சுற்றிவளைக்காமல் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்றைக்கே வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தெரியப்படுத்த வேண்டும், ஆனால் அவளுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. நான் திரும்பி வந்து கேட்டேன். "சாகணும்னு எல்லாம் இல்ல ஆன்ட்டி. அவன் மெசேஜைப் பாக்காம விட்டுட்டேனேன்னு தூக்கம் வரல, அவ்வளவுதான்" என்றாள். அவள் சம்மதத்தோடு அவளுடைய அம்மாவை வரவழைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னார், அழைத்தும் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வீட்டின் அப்பா வேறு விதமாக எடுத்துக்கொண்டார். நாவலை என் மேசையில் வைத்து, "மாசம் இருநூறு ரூபா வாங்கிட்டு, பிள்ளைங்களுக்கு இதைத்தான் படிக்கக் குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் சில பக்கங்களின் புகைப்படங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. சாவதற்குச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் என்று ஒருவர் எழுதினார். நியூ அடல்ட் நாவல் ஒன்றின் படுக்கையறைப் பக்கத்தை இன்னொருவர் எடுத்துப் போட்டார். ஒருவர் போக்ஸோ சட்டத்தில் புகார் கொடுக்கலாமா என்றுகூடக் கேட்டார். நான் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும்; அவள் குடும்பம் மறைத்து வைத்திருக்கும் மரணத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை. என் கணவர் வெளியூர்ப் பணியில் இருந்தார், மகள் பெங்களூரில். ஆகவே அந்த வாரங்களில் வந்த ஒவ்வொரு தொலைபேசிக்கும் நான் ஒருத்தியே பதில் சொன்னேன். காய்கறிக் கடையில் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்தொன்பது உறுப்பினர்கள் விலகினார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் முன்பணத்தை நான் புத்தகங்களில் போட்டுவிட்டிருந்ததால், நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். வாடகை நூலகம் தொடங்குகிறவர்கள் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் இருப்பது நல்லது. திருட்டுப் பிரதிகளை எடைக்குப் போடவும் மனம் வரவில்லை, மீண்டும் சந்தைக்குப் போய்விடும், கிழித்துத்தான் போட்டேன்.

நூலகத்தை மூடிவிடலாம் என்று நினைத்து, மூடுவதற்கு முன் அந்த அலமாரியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடத் தீர்மானித்து, ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, விலகிப்போன பெற்றோர்கள்மீது கோபம் குறைந்தது. நாவல்கள்மீது மரியாதையும் எச்சரிக்கையும் சேர்ந்தே வளர்ந்தன. இவற்றில் நல்லதையும் பொல்லாததையும் பிரிப்பது துயரத்தின் அளவோ முத்தத்தின் எண்ணிக்கையோ அல்ல என்பது புரிந்தது. காதல் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காதல் வந்ததும் நோய் பறந்துபோகிறது என்றால் அந்தப் புத்தகத்தை நான் ஒதுக்கிவைக்கிறேன். ஒரு நோய் இருக்கிறது, காதலும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதில்லை என்று சொல்லும் புத்தகத்தை முன்னால் வைக்கிறேன். 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்ற பிரிட்டன் வரைகதைத் தொடரின் நான்காம் பகுதியில், உணவுண்ண முடியாத மனநோயில் இருக்கும் ஒரு பையனை அவன் காதலன் தன் அன்பால் மட்டும் மீட்டுவிட முடியாது என்று உணர்ந்து, பெரியவர்களின் உதவியை நாடுகிறான். இந்த வகையில் நான் படித்தவற்றிலேயே மிகப் பொறுப்பான இடம் அது. இரு ஆண்பிள்ளைகளின் காதல் என்பதால் சில வீடுகளில் அதை அனுமதிக்க மாட்டார்கள். நான் வாதாடுவதில்லை, அலமாரியிலிருந்து எடுப்பதுமில்லை.

'எவ்ரிதிங், எவ்ரிதிங்' (2015) எனக்கு ஏமாற்றம் தந்தது. நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து வாழும் பெண்ணின் கதை, முடிவில் நோயையே ஒரு கதைத்திருப்பமாக்கிக் கழற்றிவிடுகிறது. உண்மையிலேயே நாட்பட்ட நோயோடு வாழும் வாசகர்கள் பலர் இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள், நியாயமாகத்தான். ஜான் கிரீனின் நாவலில் நாயகியை உயிரோடு வைத்திருக்கும் மருந்து கற்பனையானது என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் புற்றுநோயாளி இருக்கும் ஒரு பையன் அந்த மருந்து இந்தியாவில் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டான். 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' நிலைமை வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோயுள்ள இருவர், தொற்று பயத்தால் ஒருவரையொருவர் தொடவே முடியாத காதல் அது. நாவல் 2018இல் வந்தது, படம் 2019 மார்ச்சில். அதே 2019 அக்டோபரில் அந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பயன்படக்கூடிய மும்மருந்துக் கூட்டு ஒன்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எனவே இத்தகைய நாவலின் முதல் பக்கத்தில் அது வெளியான ஆண்டைப் பென்சிலில் பெரிதாக எழுதிவைக்கிறேன். மருத்துவம் எந்த ஆண்டோடு நிற்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நாடுகடத்தலுக்கு முந்தைய ஒரே நாளில் நியூயார்க்கில் நடக்கும் 'தி சன் இஸ் ஆல்ஸோ எ ஸ்டார்' (2016) எந்தச் சிக்கலும் தராது என்று நினைத்தேன். கல்லூரி மாணவன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, தன் வகுப்பில் ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் நண்பன் இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் இருப்பதைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் எழுதினான். ஒரு வரி கேட்ட நோட்டில் ஒரு பக்கம்.

தற்கொலை வரும் நாவல்களில் நான் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறேன். காதல் நாவல் ஒன்று இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டியது என்ற குற்றச்சாட்டு 1774இல் ஜெர்மானிய எழுத்தாளர் கதே எழுதிய வெர்தர் கதையிலிருந்தே இருக்கிறது. லைப்ஸிக் நகரில் அதைத் தடைகூடச் செய்தார்கள். செய்தியிலோ கதையிலோ வரும் தற்கொலையைப் பார்த்து மற்றவர்கள் பின்பற்றுவதை ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பாத்திரத்தின் பெயரால்தான் குறிக்கிறார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. அத்தகைய நெருக்கடியில் சிக்கியவர் வேறு வழி கண்டு மீண்ட கதையைப் படிப்பது காப்பாக அமையக்கூடும். மொட்சார்ட்டின் இசைநாடகத்தில் அப்படி மீளும் பாப்பகேனோவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே நான் பார்ப்பவை இவை: எப்படிச் செய்தார் என்ற விவரிப்பு நீள்கிறதா, இறந்ததால் அவர் நினைத்தது நிறைவேறியதாகக் கதை காட்டுகிறதா, உதவக்கூடிய பெரியவர் ஒருவராவது கதையில் இருக்கிறாரா. இறந்துபோன பெண் தன் சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஒலிநாடாக்களை அனுப்பும் 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' (2007), இரண்டாவது கேள்வியிலேயே என்னைத் தயங்கவைக்கிறது. அதன் தொலைக்காட்சித் தொடரில் இருந்த தற்கொலைக் காட்சியை நெட்ஃபிளிக்ஸே 2019இல் நீக்கிவிட்டது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், 2017இல் மிக அதிகமான எதிர்ப்புக்கு உள்ளான புத்தகம் அதுதான். நான் அதைத் தடை செய்யவில்லை. கேட்பவரோடு உட்கார்ந்து பேசாமல் கொடுப்பதில்லை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அந்த மாணவர்கள் எல்லாரும் இந்த நாவல்களைப் படித்தவர்கள் அல்லர். பிள்ளைகளுக்குத் தற்கொலை என்ற செய்தி புத்தகத்தில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது என்று நினைக்கும் பெற்றோர்களிடம், நான் இப்போது இந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் நாமே படித்துவிட முடியாது என்பவர்களுக்கு வழிகள் உண்டு. ஸ்டோரிகிராஃப் என்ற தளத்தில் ஒவ்வொரு நாவலுக்கும் வாசகர்கள் சேர்த்த எச்சரிக்கைப் பட்டியல், தீவிரம், மிதம், லேசு என்று பிரித்துக் கிடைக்கிறது. காமன் சென்ஸ் மீடியா தளத்தில் வயதுப் பரிந்துரையோடு, பெற்றோர் ஒரு வயதையும் பிள்ளைகள் வேறொரு வயதையும் சொல்வதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்; எனக்கு அந்த வேறுபாடுதான் மிகவும் பயன்படுகிறது. ஆனால் அவை அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கெட்ட வார்த்தைக்குக் கொடுக்கும் முக்கியத்துவம் எனக்குப் பொருட்டில்லை. காதலன் கைப்பேசியைப் பிடுங்கிச் சோதிப்பதை அக்கறையாகக் காட்டும் பக்கம் எனக்குப் பெரிது. சந்தேகத்தையும் மிரட்டலையும் ஆழமான காதலாகக் காட்டும் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அதையே ஆங்கிலத்திலும் படித்து உறுதிசெய்துகொள்ள என் நூலகம் தேவையில்லை.

விலகியவர்கள் போக எஞ்சியிருந்த இருபத்துநான்கு வீடுகளுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். என்னென்ன விஷயங்கள் இந்த அலமாரியில் வரும், எந்த வயதுக்கு எதைக் கொடுப்பேன், எதைப் பெற்றோரிடம் சொல்வேன், எதைப் பிள்ளையின் அந்தரங்கமாக மதிப்பேன் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, கையெழுத்து வாங்கினேன். பள்ளி நூலகர்கள் இதைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு முன்கூட்டியே செய்துவிடுங்கள். சண்டை வந்தபின் எழுதும் விதி மன்னிப்புக் கடிதம்போல் இருக்கும். பிறகு, அசல் பதிப்புகளாகவே, தலைப்புகளைக் குறைத்து வாங்கினேன். அவற்றின் கடைசியில் அச்சாகியிருப்பவை வெளிநாட்டு உதவி எண்கள். இங்கிருந்து அழைத்துப் பயனில்லை. அந்தப் பக்கத்தின் மேல், 14416, குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகியவற்றை அச்சடித்த சீட்டை ஒட்டுகிறேன். ஒட்டும்போது ஆசிரியர் குறிப்பு மறையாமல் பார்த்துக்கொள்கிறேன். கனமான நாவல்களை வெள்ளிக்கிழமை மாலையில் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் தனியாகப் படித்து முடிக்கும் பிள்ளைக்கு, மறுநாள் திங்கட்கிழமைத் தேர்வு மட்டுமே காத்திருக்கும். செவ்வாய், புதனில் கொடுத்தால் இடையில் ஒருமுறையாவது வீட்டுப் பக்கம் வருவார்கள். திருப்பித் தரும்போது பிடித்திருந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டேன். யார்மேல் கோபம் வந்தது என்று கேட்கிறேன். அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. பேச்சு தானாக வளரும்.

அந்த மாணவிக்கு அசல் பதிப்பு வந்ததும், கேட்டுக்கொண்டு ஆசிரியர் குறிப்பை மட்டும் படிக்கக் கொடுத்தேன். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு; அம்மாவுடன் வந்து துப்பறியும் கதைகள் எடுத்துப் போகிறாள். அவளுடைய அப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

இப்போது என்னை மிகவும் சோதிப்பது 'இட் என்ட்ஸ் வித் அஸ்'. இது பதின்பருவ நாவலே அல்ல. 2016இல் பெரியவர்களுக்காக வந்தது. கணவனின் அடியைச் சகித்துக்கொள்வதா, விலகுவதா என்பதுதான் கதை. தன் பெற்றோரின் வாழ்க்கையிலிருந்து எழுதியதாக ஆசிரியர் பின்குறிப்பில் சொல்கிறார். ஆனால் பூப்போட்ட அட்டையும், 2024இல் வந்த படமும் சேர்ந்து அதைப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்துவிட்டன. இதற்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைக்கூட அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2023 ஜனவரியில் கைவிட்டார்கள் என்றால், விற்பவர்களுக்கே எதை விற்கிறோம் என்ற தெளிவு இல்லை என்றுதானே பொருள்? பதினெட்டு வயதுக்குக் கீழே தருவதில்லை என்று வைத்திருந்தேன். சென்ற மாதம் ஓர் அம்மா வந்து, "என் பொண்ணுக்குப் பதினேழு முடியுது. மாப்பிள்ளை பாக்குறதுக்கு முன்னாடி அவ இதைப் படிச்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன், நீங்க யாரு வேண்டாங்கறதுக்கு?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு உங்கள் கையால் கொடுங்கள் என்று அவர் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தேன். ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டி அவரும் உறுப்பினராகிவிட்டார். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. தாமதக் கட்டணம் கேட்கவும் எனக்கு மனமில்லை.